தன் கையே காப்பு: பல்கலைக்கழகங்கள் நஷ்டஈட்டுக்குப் பணம் வைக்கும் முறை

சென்ற முறை மலருக்குத் திருமலைச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறையும் அப்படி ஏதாவது பழைய சங்கதி தருவேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ இன்சூரன்ஸ். பட்டுநூல் விற்கிறவனுக்குப் பல்கலைக்கழகத்து இன்சூரன்ஸ் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். எதற்கு என்று தெரியாமலேதான் நானும் அறுபது வயது வரை ஓட்டிவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டிய நாள் வந்தது.

என் அண்ணன் பேத்தி கொள்ளேகாலில் பி.யூ.சி. முடித்து, வெளியூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் வேதியியல் ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக் குடுவை வெடித்து, கண்ணாடித் துணுக்கும் அமிலமும் இவள் முகத்தில் தெறித்தன. வலது கண்ணில் இரண்டு அறுவைச் சிகிச்சை. பார்வை தப்பியது; முழுதாகத் தப்பவில்லை. செலவு மூன்றரை லட்சம். அவள் அப்பாவோடு நானும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையானவர்தான், காபி வரவழைத்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியெல்லாம் கிடையாதுங்க சார். நாங்க செல்ஃப் இன்சூரன்ஸ்."

நான் வியாபாரி. எதைச் சொன்னாலும் எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறது என்று கேட்டே பழக்கம். "அதுக்கு எந்தக் கணக்குல எவ்வளவு இருக்குங்க?" என்றேன். அவர் அலமாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "அதெல்லாம் மேனேஜ்மெண்ட் பார்த்துப்பாங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். ஓர் ஆண்டு படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பெங்களூரிலும் மைசூரிலும் கலிபோர்னியாவிலும் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். ஆகவே இது என் அண்ணன் வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை.

"செல்ஃப் இன்சூரன்ஸ்" என்பதைச் சொந்தக் காப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். அதற்குச் சரியான உதாரணம் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே நிற்கிறது என்பது எனக்கு முதலில் தோன்றவே இல்லை. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன்மலைக்கு ஏறும் கர்நாடக அரசுப் பேருந்தையும், மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக அதே மலைக்கு வரும் தமிழ்நாட்டுப் பேருந்தையும் அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்துவார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, எல்லா வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்கிறது. அதே பிரிவு, அரசுக்கும் உள்ளாட்சிக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் விதிவிலக்கு அளிக்கலாம் என்றும் சொல்கிறது.

விதிவிலக்கு சும்மா கிடைப்பதில்லை. விபத்தினால் வரும் பொறுப்பைத் தீர்ப்பதற்கென்றே விதிப்படி ஒரு நிதியை ஏற்படுத்தி, அதைத் தொடர்ந்து பராமரித்து வந்தால்தான் விலக்கு. போபால் விஷவாயுவுக்குப் பிறகு ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் தொழில்களுக்காக 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், அரசு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுக்கும்போது இதே நிபந்தனையைத்தான் வைத்திருக்கிறது. அதாவது, "நான் இன்சூரன்ஸ் எடுக்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்வேன்" என்று சொல்கிறவனிடம் சட்டம் கேட்கிற முதல் கேள்வியும் நான் கேட்டதேதான்: கணக்கு எங்கே?

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கர்நாடக அரசுப் பேருந்தில் ஐம்பது ரூபாய்க்கு மேற்பட்ட பயணச்சீட்டில் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ விபத்து நிவாரணத்துக்கென்று சேர்த்து வாங்கினார்கள். பேருந்து விபத்தில் பயணி இறந்தால் அந்த நிதியிலிருந்து குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையை 2024 ஜனவரி முதல் 3 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். அது யார் தப்பு என்று கேட்காமல் கொடுக்கும் நிவாரணம். நான் சொல்வது, தப்பு கழகத்தின் பேரில் என்று தீர்ப்பாயம் சொன்ன பிறகு கட்டியே ஆகவேண்டிய நஷ்டஈடு. இரண்டும் வெவ்வேறு பை.

நிதி இல்லாமல் வாய்ச்சொல்லாக மட்டும் சொந்தக் காப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பேருந்தே சாட்சி. தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நஷ்டஈட்டுத் தீர்ப்பாகி ஆண்டுகள் போயும் பணம் கட்டாததால், கோர்ட் அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்வார். பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி அடுத்த வண்டி தேடுவார்கள். கர்நாடகத்திலும் இது நடக்காமல் இல்லை. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் தனக்குச் சேரவேண்டிய பணத்துக்காக ஒரு பேருந்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால், அங்கே காப்பு என்ற சொல் இருக்கிறது, காப்பு இல்லை.

சரி, கம்பெனியிடம் பாலிசி எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் சொந்தக் காப்பு? இதற்கு என் கடைக் கணக்கே போதும். தீப்பிடித்தால் மொத்தச் சரக்கும் போகும், அதனால் நான் தீ பாலிசி எடுக்கிறேன். ஆனால் ஈரம் பட்டு ஒரு சிப்பம் கெட்டுப்போவது, எலி கடிப்பது, சாயம் இறங்குவது எல்லாம் வருஷா வருஷம் நடப்பவை. ஏறக்குறைய எவ்வளவு போகும் என்று எனக்கே தெரியும். அதற்குக் கம்பெனியிடம் போனால், போகப்போகிற அந்தப் பணத்தோடு அவருடைய ஆபீஸ் செலவையும் ஏஜென்ட் கமிஷனையும் லாபத்தையும் சேர்த்துப் பிரீமியமாகக் கேட்பார். நானே சேதாரம் என்று தனிப் பற்று எழுதி ஒதுக்கிவிட்டால் மிச்சம். அடிக்கடி வரும் சிறு நஷ்டத்தை நாமே தாங்குவது, எப்போதாவது வரும் பெரு நஷ்டத்தை வெளியே தள்ளுவது. சூத்திரம் இவ்வளவுதான்.

இதில் எண்ணிக்கை முக்கியம். ஒரே ஒரு பேருந்து வைத்திருப்பவருக்கு இந்த ஆண்டு விபத்து நடக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. நடக்காமலே போகலாம், நடந்தால் சொத்தே போகலாம். 8,000க்கும் மேல் பேருந்து ஓட்டும் கழகத்துக்கு, எந்தப் பேருந்து என்று தெரியாவிட்டாலும் மொத்தத்தில் இத்தனை விபத்து வரும் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். தலை எண்ணிக்கை கூடக்கூட அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறையும். பல்லாயிரம் மாணவர்களும் பத்துப் பதினைந்து வளாகங்களும் உள்ள பல்கலைக்கழகம் சொந்தக் காப்பு வைக்கலாம். முந்நூறு பிள்ளைகள் படிக்கும் கல்லூரி வைத்தால் அது சூதாட்டம்.

என் வழக்கமான வயலுக்குள் ஒரு நிமிஷம் போய்விட்டு வருகிறேன், பொறுத்தருளவும். சோழர் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்று வரும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா, மூப்படையாதா? ஆகும், ஆனால் குட்டியைக் கொண்டு ஈடுகட்டி, 96 என்ற எண்ணைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், ஏற்றுக்கொண்டவர் தவறினால் நெய் அளக்க இன்னின்னார் பிணை என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. எங்கள் சமயத்தாருக்கும் இதில் பங்குண்டு. திருமலையில் குந்தவை ஜினாலயத்துக்கு, வணிகர் ஒருவரின் மனைவி நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்த கல்வெட்டு முதலாம் ராஜேந்திரன் காலத்தது. முதல் தனியே நிற்க வேண்டும், எண் குறையக் கூடாது, தினப்படி செலவு அதன் விளைவிலிருந்து போக வேண்டும், தாங்க முடியாமல் போனால் பிணைக்கு ஆள் இருக்க வேண்டும், எல்லாம் கல்லில் இருக்க வேண்டும். இன்றைய சொந்தக் காப்பு நிதியின் எலும்புக்கூடு இதுதான் என்பது என் துணிபு.

இனி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்பவற்றுள் ஒன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ என்று பத்து வளாகம், பெரிய பெரிய மருத்துவமனைகள். யாராவது படியில் வழுக்கி விழுந்தாலும், மருத்துவர் தவறாகச் சிகிச்சை செய்தாலும், ஊழியர் அநியாயமாக நீக்கப்பட்டேன் என்று வழக்குப் போட்டாலும், முதல் பணம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் காப்பு நிதியிலிருந்து போகிறது.

வேலை நடக்கும் விதத்தைப் பேச்சுக்கு ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு பல்கலைக்கழகத்தில் கடந்த பத்தாண்டில் சராசரியாக ஆண்டுக்கு 4 கோடி ரூபாய் நஷ்டஈடு போயிருக்கிறது, மிக மோசமான ஆண்டில் 9 கோடி. இந்தப் பழைய கணக்கை ஆக்சுவரி எனப்படும் கணக்கறிஞரிடம் கொடுப்பார்கள். அவர் வெளியாள். அடுத்த ஆண்டுக்கு 5 கோடி ஒதுக்கு என்பார். அதை ஒவ்வொரு துறையிடமிருந்தும் பிரீமியம் போலவே வசூலிப்பார்கள். தத்துவத் துறைக்குக் கொஞ்சம், மருத்துவமனைக்கு நிறைய. சென்ற ஆண்டுகளில் அதிக விபத்து நடந்த துறைக்கு இன்னும் கொஞ்சம். ஒரு நிகழ்ச்சிக்கு 2 கோடி வரை நம் நிதி, அதற்கு மேல் 50 கோடி வரை வெளிக் கம்பெனி என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். தஞ்சைக் கல்வெட்டின் பிணைகாரர் இங்கே அந்தக் கம்பெனி.

இதில் வியாபாரிக்குச் சட்டென்று புரியாத இடம் ஒன்று உண்டு. ஆண்டு முடிந்ததும் 5 கோடியில் 2 கோடிதான் செலவாகியிருக்கிறது, மிச்சம் 3 கோடி லாபம் என்று எண்ணத் தோன்றும். அப்படி எண்ணி அதில் கட்டடம் கட்டினால் போச்சு. இந்த ஆண்டு நடந்த விபத்துக்கு வழக்கு அடுத்த ஆண்டு வரும், தீர்ப்பு ஆறாவது ஆண்டு வரும். பிரசவத்தில் குழந்தைக்கு ஊறு நேர்ந்தால் வழக்கு இன்னும் எத்தனையோ ஆண்டு கழித்துக்கூட வரலாம். நடந்துவிட்டது, ஆனால் நம் காதுக்கு இன்னும் வரவில்லை என்ற வகைக்கே தனியாக ஒரு தொகை எழுதுகிறார்கள். கணக்கறிஞரின் வித்தை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. காதுக்கு வராத கடனையும் கடன் என்று பேரேட்டில் எழுதும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நிதி பெரிதானால் சில பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்றே ஒரு காப்பீட்டுக் கம்பெனியை உரிமம் பெற்று நடத்துகின்றன. 1970களில் அமெரிக்காவில் மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதே அரிதாகி, கிடைத்தாலும் விலை ஏறிப்போன காலத்தில், ஹார்வர்டு மருத்துவ நிறுவனங்கள் 1976இல் அப்படியொன்றைத் தொடங்கின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய கம்பெனிக்குப் பெயர் ஃபியட் லக்ஸ். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் லத்தீன் முத்திரை வாசகம். ஒளி உண்டாகட்டும் என்று பொருள். நந்தாவிளக்கு நினைவு வந்து சிரித்துக்கொண்டேன்.

பணம் சேர்ப்பதைவிட இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. போவது சொந்தப் பணம் என்றால் தடுப்பதில் அக்கறை வரும். கலிபோர்னியாவில் காப்பு நிதிக்குச் சேரும் தொகையில் ஒரு பகுதியை விபத்துத் தடுப்புக்கே திருப்பிவிடும் திட்டம் இருக்கிறது. அதிலும் சறுக்கல் உண்டு. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து வேதியியல் ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ரசாயனம் ஒன்றைக் கையாண்டபோது 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் மேல் தீப்பற்றியது. அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. 2009 ஜனவரியில் இறந்தார். பல்கலைக்கழகத்தின் மீதே குற்ற வழக்குப் பாய்ந்தது. 2012இல், எல்லா வளாகங்களிலும் ஆய்வகப் பாதுகாப்பைத் திருத்துவதாகவும் அந்தப் பெண் பெயரில் 5 லட்சம் டாலர் உதவித்தொகை ஏற்படுத்துவதாகவும் எழுதிக் கொடுத்த பிறகே வழக்கு கைவிடப்பட்டது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பெண்ணும் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. அணியச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் சமண நூல்கள் இம்சையை விளக்கும்போது கொல்லும் எண்ணத்தை மட்டும் பேசுவதில்லை. மனத்தின் கவனமின்மையையே வேராக வைக்கின்றன. பிரமாதம் என்பது அதற்குப் பெயர். தமிழில் அந்தச் சொல் எப்படியோ "ரொம்ப ஜோர்" என்ற பொருளுக்கு வந்துவிட்டது வேறு கதை. நீதிமன்றங்கள் கவனக்குறைவு என்று சொல்லித் தண்டம் விதிப்பதும் இந்த வேரைப் பார்த்துத்தான்.

வேண்டுமென்றே நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டால் எந்த நிதியும் தாங்காது. அதே லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஒரு மகளிர் மருத்துவர் நோயாளிகளிடம் முறைகேடாக நடந்துகொண்ட வழக்குகளில், 2020க்கும் 2022க்கும் இடையே அந்தப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். முதல் புகாரிலேயே செவி சாய்த்திருந்தால் என்று பிறகு கணக்குப் பார்த்து என்ன பயன்?

நம் நாட்டில் கல்வி நிறுவனத்துக்கு இப்படிப் பொறுப்பு வருமா? வரும். 1995 மே மாதம் பஞ்சாபில் ஒரு பள்ளி பிக்னிக் அழைத்துச் சென்ற 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். ஆசிரியரின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, குழந்தைக்கு 5 லட்சம் என்ற தொகையை நிலைநிறுத்தியது. 2014 ஜூன் 8 அன்று அதே பியாஸ் ஆற்றில், இமாசலப் பிரதேசத்தின் லார்ஜி அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரியின் 24 மாணவர்களை அடித்துச் சென்றது. 2016 ஜனவரியில் இமாசல உயர் நீதிமன்றம் ஆளுக்கு 20 லட்சம் என்று விதித்து, மின்வாரியம் 60, கல்லூரி 30, மாநில அரசு 10 சதவீதம் என்று பங்கு பிரித்தது. அணையைத் திறந்தவர் வேறாக இருந்தும் கல்லூரி தப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 6 லட்சம், 24 பிள்ளைகளுக்கு 1 கோடியே 44 லட்சம். ஒரே நாளில் இப்படி வந்து நிற்கும் பொறுப்புக்குத் தனி நிதியோ பாலிசியோ இல்லாத நிர்வாகம், அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் கட்டணத்திலிருந்துதான் எடுக்கும்.

வழக்குக்குப் போகும் வழியும் சுலபமில்லை. கல்லூரி சுற்றுலா, நீச்சல், விளையாட்டு உட்படக் கல்வி நிறுவனத்தின் பணிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு தீர்ப்பளித்தது. சேலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தரப்பாக இருந்த வழக்கு அது. பிறகு மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. நுகர்வோர் மன்றத்துக் கதவு இப்படி ஒருக்களித்து நிற்க, சிவில் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோதான் பெற்றோர் முன்னால் இருக்கிறது. அதற்குக் காலும் காசும் வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சேரும்போது கட்டாயமாக வாங்கச் சொல்கிற ஹெல்த் இன்சூரன்ஸ் பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு. பல்கலைக்கழகத்தின் தவறால் வந்த இழப்புக்கு அது ஈடாகாது. அது வேறு நிதி, வேறு அலுவலகம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது கோரிக்கை வைக்க ஆறு மாதம்தான் கெடு. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

சொந்தக் காப்பு என்று ஒரு கல்லூரி சொன்னால் என்ன கேட்கலாம் என்று ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அந்த நிதி தனிக் கணக்கில் இருக்கிறதா, கட்டடக் கணக்கோடு கலந்திருக்கிறதா? சென்ற மார்ச்சில் அதில் எவ்வளவு இருந்தது, யார் தணிக்கை செய்தார்? ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு வரை கல்லூரி தாங்கும், அதற்கு மேல் யார்? விபத்து நடந்தால் பெற்றோர் யாரிடம், எத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும்? கோபம் தெரியாமல், மரியாதையாகவே எழுதினோம். என் அண்ணன் மகன், "சித்தப்பா, பிள்ளை இன்னும் ஒரு வருஷம் அங்கதான் படிக்கணும்" என்று தயங்கினான். அதனால் அவள் பெயரை எழுதாமல் என் பெயரில் அனுப்பினேன்.

அவள் படித்து முடித்து வெளியே வந்தாயிற்று. ஆய்வகக் கதவருகே பாதுகாப்புக் கண்ணாடிகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன என்று கடைசி ஆண்டில் சொன்னாள். மூன்றரை லட்சத்தில் நாற்பதாயிரம் "மனிதாபிமான அடிப்படையில்" என்று எழுதிய காசோலையாக வந்தது. அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதை உறையிலும் எழுதவில்லை, உள்ளேயும் எழுதவில்லை. என் கடிதத்துக்கு ஒப்புகை அட்டை மட்டும் கையெழுத்தாகித் திரும்பியது. கடைப் பெட்டியில் பேரேட்டோடு வைத்திருக்கிறேன்.